வானத்தின் மிகக் கனமான பொருள்களை எடை போடுவது எப்படி?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வந்துவிடும். பழைய வடாற்காடு ஜில்லா, பிறகு வேலூர் மாவட்டம், 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து திருப்பத்தூர். இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்பே வந்த 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த கருவிகளில் ஒன்று. வேலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் தவறாமல் வரும் கேள்வி: “சார், இதுல எவ்ளோ தூரம் தெரியும்?”

நல்ல கேள்விதான். ஆனால் இன்றைய வானியலில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அவ்வளவு தூரத்தில் இருப்பதன் எடை என்ன? பிரபஞ்சத்தின் மிகக் கனமான பொருள்கள் கேலக்ஸிக் கொத்துகள். அவற்றிலுள்ள சாதாரணப் பொருளின் பெரும்பகுதி காவலூரிலிருந்து தெரியாது. பூமியின் எந்த மலையுச்சியிலிருந்தும் தெரியாது. அது எக்ஸ்ரேயில்தான் ஒளிர்கிறது. எக்ஸ்ரேயைப் பிடிக்க வேண்டுமானால் காற்று மண்டலத்தைத் தாண்டி மேலே போயாக வேண்டும்.

நம் பால்வீதி ஒரு கேலக்ஸி. இப்படி நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கேலக்ஸிகள் ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு, சுமார் ஒரு கோடி ஒளியாண்டு அகலத்துக்குப் பரவிக் கிடப்பது ஒரு கொத்து. சாதாரணக் கொத்தின் எடை நூறு லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம். பெரிய கொத்து என்றால் ஆயிரம் லட்சம் கோடியைத் தொடும். 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு அவற்றைப் பிடித்து வைக்கப் போதவே போதாது என்று கண்டார். கரும்பொருள் என்ற சிந்தனை அங்கிருந்துதான் வருகிறது. இன்றைய கணக்கில் ஒரு கொத்தின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் கரும்பொருள். மீதியில் பெரும்பங்கு நட்சத்திரங்களுக்கு என்று நினைத்தால் அது தப்பு. கேலக்ஸிகளுக்கு இடையே நிறைந்திருக்கும் சூடான வாயுதான் நட்சத்திரங்களைப்போலப் பல மடங்கு எடை கொண்டது. படத்தில் பளிச்சென்று தெரியும் கேலக்ஸிகள் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தத்தில் சில சதவீதம்தான்.

அந்த வாயு எப்படிச் சூடானது? கொத்தின் ஈர்ப்புக் குழி அவ்வளவு ஆழம். உள்ளே விழும் வாயு வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வந்து மோதுகிறது, மோதலில் வேகம் வெப்பமாகிறது. சில கோடி டிகிரியிலிருந்து பத்துக் கோடி டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான்கள் தனியாக அலைகின்றன. ஒரு எலக்ட்ரான் ஒரு புரோட்டானுக்கு அருகில் போய் வளைந்து திரும்பும்போது ஒரு எக்ஸ்ரே ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், கிளம்புகிறது. வாயு மிக மெல்லியது, சராசரியாக ஒரு லிட்டர் இடத்துக்கு ஒரு துகள் என்ற அளவுதான். ஆனால் ஒரு கோடி ஒளியாண்டு அகலத்துக்கு இது நடக்கிறது என்பதால் மொத்தமாகச் சேரும் ஒளி பிரம்மாண்டமானது.

வேலூரில் எக்ஸ்ரே என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம். சி.எம்.சி. எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் பெரிய கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். அதனாலேயே ஒரு சந்தேகமும் வரும். உடம்பையே துளைத்துப் போகிற எக்ஸ்ரே காற்றைத் தாண்டி வராதா? வராது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதையும் எடை போட்டால், பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். மருத்துவமனையில் எக்ஸ்ரே கடப்பது இருபது, முப்பது சென்டிமீட்டர் உடம்பைத்தான். அதோடு, கொத்துகளிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் ஆற்றல் பெரும்பாலும் அரை கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) முதல் பத்து வரை. மருத்துவமனைக் குழாயிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு ஊடுருவும் சக்தி கொண்டது. வானத்து எக்ஸ்ரே காற்றின் மேல் அடுக்குகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நம் உயிருக்கு அது நல்லது, வானியலுக்குத்தான் தடை.

தடையைத் தாண்டிய கதை 1962 ஜூனில் தொடங்குகிறது. ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை மேலே அனுப்பினார்கள். நிலவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்ப்பது திட்டம். கிடைத்ததோ விருச்சிக விண்மீன் குழுவின் பக்கத்திலிருந்து வந்த, யாரும் எதிர்பார்க்காத அளவுக்குப் பிரகாசமான ஒரு மூலம். 1970 டிசம்பரில் கென்யக் கரையோர மேடையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் கிளம்பியது. கோமா, பெர்சியஸ் போன்ற கொத்துகளிலிருந்து வரும் எக்ஸ்ரே ஒரு புள்ளியில் குவியாமல் கொத்து முழுக்கப் பரவியிருப்பதை அதுதான் காட்டியது. 1976-ல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸின் நிறமாலையில், அதாவது எக்ஸ்ரேயை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், இரும்புக்கே உரிய ஆற்றலில் ஒளி தூக்கலாக இருக்கும் கோட்டைக் கண்டது. அது பெரிய திருப்பம். இரும்பு நட்சத்திரங்களுக்குள் சமைந்து, அவை வெடித்த பிறகு வெளியே வருவது. ஆக, இந்தச் சூடான வாயு பிரபஞ்சம் பிறந்தபோது மிஞ்சிய ஆதி வாயு மட்டுமில்லை என்று ஒரே கோடு சொல்லிவிட்டது. ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நாம் பேசும் தொலைதூரக் கொத்துகளின் காலம் 1999-ல் ஆரம்பிக்கிறது. அந்த ஜூலையில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் சந்திராவும், டிசம்பரில் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் மேலே போயின. சந்திரா என்ற பெயர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். இரண்டுமே எக்ஸ்ரே தொலைநோக்கிகள், 25 வருடங்களைத் தாண்டி உழைத்தவை.

எக்ஸ்ரேயை நேருக்கு நேர் கண்ணாடியில் விழ வைத்தால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய ஒட்டியபடி, ஒரு டிகிரி அல்லது அதற்கும் குறைந்த கோணத்தில் உரசிப் போனால்தான் திசை மாறும். அதனால் எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடி கிண்ணம் மாதிரி இருக்காது, இரு பக்கமும் திறந்த நீண்ட உருளையாக இருக்கும். ஒரு உருளையின் விளிம்பு மட்டும் ஒளியைப் பிடிப்பதால், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல உருளைகளைச் செருக வேண்டும். எக்ஸ்எம்எம்-நியூட்டனில் மூன்று கண்ணாடித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் தங்கம் பூசிய 58 உருளைகள். மிக மெல்லியவை, அளவில் ஒன்றைவிட ஒன்று கொஞ்சமே சிறியவை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வெட்டிய மரத்தின் வளையங்கள் போலத் தெரியும். சந்திராவில் இரிடியம் பூசிய நான்கே சோடிகள்தான். பிடிக்கும் ஒளி குறைவு, ஆனால் கூர்மையில் அதை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. அரை ஆர்க் செகண்ட் அளவு வரை பிரித்துக் காட்டும் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). ஒன்று நிறைய அள்ளும், இன்னொன்று நுணுக்கமாகப் பிரிக்கும். தூரத்துக் கொத்துகளுக்கு இரண்டும் வேண்டும். ஏனென்றால் கொத்துக்குள்ளேயே சில கேலக்ஸிகளின் மையத்தில் கருந்துளை எக்ஸ்ரே உமிழ்ந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளைக் கழிக்காமல் வாயுவை அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஒரு கொத்தை எடுத்துப் பார்ப்போம். என்ஜிசி 7314 என்ற அருகிலுள்ள கேலக்ஸியைப் பார்க்க எக்ஸ்எம்எம்-நியூட்டன் திரும்பியிருந்தது. அதே படத்தின் ஓரத்தில் ஒரு மங்கலான பரவல். சுமார் 12 மணி நேரப் பதிவில் அந்த இடத்திலிருந்து வந்தவை 280 ஃபோட்டான்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம்: எப்போது வந்தது, உணரியின் எந்த இடத்தில் விழுந்தது, என்ன ஆற்றல். புள்ளியாக இல்லாமல் பரவி விழுந்திருந்ததால் இது கொத்தாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். சிலியிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கி அங்கே கேலக்ஸிகளைக் கண்டு, செம்பெயர்ச்சி 1.39 என்று அளந்தது. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலை வழியில் எவ்வளவு நீண்டுவிட்டது என்பதே செம்பெயர்ச்சி, எண் கூடக்கூடத் தூரமும் கூடும். சுமார் 900 கோடி ஒளியாண்டு. 2005-ல் அறிவிக்கப்பட்டபோது அதுவே அறியப்பட்டவற்றில் மிகத் தொலைவிலுள்ள கனமான கொத்து. அதன் பெயர் எக்ஸ்எம்எம்யூ ஜே2235. 280 என்பது அற்பமான எண்ணாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தூரத்தில் செம்பெயர்ச்சியால் பரப்பொளி, அதாவது வானத்தில் ஒரே அளவு பரப்பிலிருந்து வரும் ஒளி, பல பத்து மடங்கு மங்குகிறது. செம்பெயர்ச்சி 1 என்றாலே 16 மடங்கு மங்கல், 1.39-ல் 30 மடங்கைத் தாண்டிவிடும். அதையும் மீறி வந்தவை இந்த 280.

சரி, ஒரு கொத்து இன்னும் தூரத்தில், இன்னும் கனமாக இருப்பதில் என்ன வந்துவிட்டது? இந்த விஷயம் முழுவதும் இங்கேதான் நிற்கிறது. 1380 கோடி வருடத்துக்கு முன் பிரபஞ்சம் தொடங்கியபோது பொருள் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தது. கொஞ்சம் அடர்ந்த இடம் பக்கத்திலிருந்ததை இழுத்தது, சின்னத் திரள்கள் சேர்ந்து பெரிய திரளாயின. கொத்து என்பது இந்தச் சேர்க்கையின் கடைசிக் கட்டம். அதற்குக் காலம் பிடிக்கும். செம்பெயர்ச்சி 1-ல் பிரபஞ்சத்தின் வயது 600 கோடி வருடம்கூட ஆகவில்லை. அப்போதே ஆயிரம் லட்சம் கோடி சூரியன் எடையுள்ள ஒன்று இருந்தால், ஈர்ப்பு வேகமாக வேலை செய்திருக்க வேண்டும். பிரபஞ்சத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது, விரிவைத் துரிதப்படுத்தும் கரும் ஆற்றல் எவ்வளவு, இவற்றைக் கொஞ்சம் மாற்றினாலும் இப்படிப்பட்ட கனமான கொத்துகளின் எண்ணிக்கை பல மடங்கு மாறும். எளிதில் கிடைக்கிற சிறு கொத்துகளின் எண்ணிக்கை அவ்வளவு மாறாது. அரிதாக இருப்பதே இவற்றின் பலம்.

1998-ல் இது நடந்தும் காட்டியது. செம்பெயர்ச்சி 0.83-ல் உள்ள எம்எஸ் 1054-03 என்ற கொத்தை மேகன் டானஹ்யூவும் கூட்டாளிகளும் ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோளால் அளந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு கனமும் சூடும் கொண்ட கொத்து, பொருள் நிறைந்து அதன் ஈர்ப்பால் விரிவு தொடர்ந்து மந்தமாகும் பிரபஞ்சத்தில் இருக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு அரிது. பொருள் குறைவான பிரபஞ்சம் என்றால் பொருந்தும். அதே வருடம்தான் வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை அளந்த இரு குழுக்கள் பிரபஞ்ச விரிவு வேகமெடுக்கிறது என்று சொன்னார்கள். வெவ்வேறு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நின்ற கணக்கு. பின்னாளில் சந்திரா எடுத்த அளவு அந்தக் கொத்தின் வெப்பநிலையைக் குறைத்தது, முடிவு மாறவில்லை. 2008-ல் அலெக்ஸி விக்லினின் குழு சந்திரா பார்த்த 86 கொத்துகளின் எடையை வரிசைப்படுத்தி, கரும் ஆற்றல் கொத்துகளின் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போட்டிருப்பதை நேராகவே காட்டியது.

எடையை எக்ஸ்ரே எப்படிச் சொல்கிறது? வாயு சூடாக இருப்பதால் வெளியே சிதறப் பார்க்கிறது. சிதறாமல் நிற்கிறது என்றால் ஈர்ப்பு பிடித்திருக்கிறது. வாயுவின் வெப்பநிலையும் அடர்த்தியும் மையத்திலிருந்து வெளியே போகப்போக எப்படி மாறுகின்றன என்று தெரிந்தால், பிடித்து வைக்க எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்கிடலாம். கரும்பொருளும் அதில் அடக்கம். நிறமாலை எந்த ஆற்றலில் சரியத் தொடங்குகிறது என்பது வெப்பநிலையைத் தரும். பிரகாசம் அடர்த்தியைத் தரும். இன்னொரு வசதி: பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே திசையில் வேறு வேறு தூரத்தில் தற்செயலாக வரிசையாக நிற்கும் கேலக்ஸிகள் சாதாரணப் படத்தில் கொத்துபோல ஏமாற்றும். எக்ஸ்ரேயில் ஏமாற்ற முடியாது. நிஜமாகவே சேர்ந்து அடர்ந்த வாயுதான் ஒளிரும்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. வாயு அமைதியாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு போடுகிறோம். உள்ளே அது கொந்தளித்துக்கொண்டிருந்தால், அந்த அசைவும் ஈர்ப்பை எதிர்த்து நிற்க உதவும், நாம் எடையைக் குறைத்து மதிப்பிடுவோம். இதை நேராக அளக்க 2016 பிப்ரவரியில் ஜப்பான் ஹிடோமி செயற்கைக்கோளை அனுப்பியது. மார்ச் கடைசியில் அது கட்டுப்பாடிழந்து சிதறிப்போனது. வருத்தமான இழப்பு. ஆனால் அதற்குள் பெர்சியஸ் கொத்தைப் பார்த்துவிட்டிருந்தது. இரும்புக் கோடு எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதிலிருந்து வாயுவின் அசைவு வினாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் என்று தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட அமைதி. அந்த அசைவால் வரும் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் சில சதவீதம்தான். அந்த ஒரு கொத்தின் மையப்பகுதியில் எடைக் கணக்கை நம்பலாம் என்று ஆயிற்று. ஹிடோமிக்கு மாற்றாக 2023 செப்டம்பரில் போன எக்ஸ்ரிஸம் இப்போது மற்றக் கொத்துகளையும் இப்படி அளக்கிறது. அதன் உணரிக்கு முன்னால் இருக்கும் மூடி திறக்கவில்லை, குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே உள்ளே வருவதில்லை. இரும்புக் கோட்டுக்கு அதனால் பாதிப்பு இல்லை.

மோதிக்கொண்டிருக்கும் கொத்துகளில் அமைதி என்ற பேச்சே கிடையாது. 2012-ல் அறிவிக்கப்பட்ட எல் கோர்டோ சுமார் 700 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கொத்துகள் ஒன்றில் ஒன்று பாய்ந்ததால் ஆனது. சந்திரா படத்தில் அதன் வாயு வால்நட்சத்திரம்போல இழுபட்டிருப்பது தெரிகிறது, வெப்பநிலை 15 கோடி டிகிரிக்கும் மேல். இதைக் கண்டுபிடித்தது எக்ஸ்ரே அல்ல. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியான நுண்ணலைப் பின்னணி, கொத்தின் சூடான வாயு வழியாக வரும்போது கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சிலியிலுள்ள அட்டகாமா தொலைநோக்கி பிடித்தது. அந்த முறைக்குத் தூரத்தால் மங்கல் இல்லை, அதனால் தேட அது வசதி. கண்டபின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே. பின்னாலுள்ள கேலக்ஸிகளின் ஒளியைக் கொத்து எவ்வளவு வளைக்கிறது என்று ஹப்புள் பார்த்ததில் எடை மூவாயிரம் லட்சம் கோடி சூரியன் என்று வந்தது, பிறகு ஹப்புளின் இன்னும் விரிவான படங்களில் அது இரண்டாயிரத்துச் சொச்சமாக இறங்கியது. இப்படி ஒன்றை ஒன்று திருத்திக்கொள்வதால்தான் இந்தத் துறையின் எண்களில் எனக்கு நம்பிக்கை.

2019-ல் ரஷ்ய விண்கலம் ஒன்றில் போன ஜெர்மன் தொலைநோக்கி ஈரோசிட்டா வானம் முழுவதையும் வருடியது. 2022 பிப்ரவரியில் போர் காரணமாக நிறுத்தி வைத்தார்கள். முதல் வருடலில், பாதி வானத்திலேயே 12,247 கொத்துகளும் சிறிய கேலக்ஸிக் குழுக்களும் பட்டியலாயின. பெரும்பாலானவை அதுவரை யாருக்கும் தெரியாதவை. நம் அஸ்ட்ரோசாட்டும் 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்ரே தொலைநோக்கியுடன் போனது, அதன் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றது காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அஸ்ட்ரோசாட்டின் எக்ஸ்ரே கூர்மை அருகிலுள்ள பெரிய கொத்துகளுக்குப் போதும், செம்பெயர்ச்சி 1-க்கு வராது.

வேலூரில் இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் இதில் கைவைக்க விண்கலம் எதுவும் வேண்டாம். சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுகள் பெரும்பாலும் ஒரு வருடம் கழிந்ததும் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. ஈரோசிட்டாவின் முதல் தொகுதி 2024 ஜனவரியில் வெளியானது. இறக்குவதும் இலவசம், மென்பொருளும் இலவசம். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. கியார்க் லாமர் குழு 2008-ல் செய்தது ஏறக்குறைய இதுதான். எக்ஸ்எம்எம்-நியூட்டனின் இரண்டாவது பட்டியலில் வானத்தின் ஒரு சதவீதப் பரப்பில் 1,90,000-க்கும் மேற்பட்ட மூலங்கள் இருந்தன. அவற்றில் பரவலாகத் தெரிபவற்றை மட்டும் எடுத்து, சாதாரண ஒளியில் வானத்தைப் படமெடுத்த ஸ்லோன் வானப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் பரவல் இருந்து, ஸ்லோன் படத்தில் அந்த இடம் காலியாக இருந்தால், அங்கே இருப்பது தூரத்துக் கொத்தாக இருக்கலாம். அப்படி ஒரு காலி இடத்தை அரிசோனாவின் பெரிய இரட்டைத் தொலைநோக்கியால் பார்த்ததும் கேலக்ஸிகள் குவிந்து கிடந்தன. தூரத்தை எக்ஸ்ரே நிறமாலையிலேயே அளந்தார்கள்: 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்க வேண்டிய இரும்புக் கோடு ஏறக்குறைய பாதி ஆற்றலுக்கு இறங்கியிருந்தது, செம்பெயர்ச்சி 0.99. வாயுவின் சூடு சுமார் 9.5 கோடி டிகிரி. மையப் பகுதியின் எடை 560 லட்சம் கோடி சூரியன். செம்பெயர்ச்சி 1 அளவில் அன்றுவரை அறிந்த கொத்துகளில் எக்ஸ்ரேயில் மிகப் பிரகாசமானது அது, யாராவது கவனிக்கும்வரை பட்டியலின் ஒரு வரியாக மட்டும் இருந்தது. அந்தப் பதிவு இப்போதும் காப்பகத்தில் இருக்கிறது. இறக்கி, பின்னணியைக் கழித்து, அந்தக் கோடு எங்கே எழும்புகிறது என்று ஒரு மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம்.